எல்லா வரியிலும் 50 ஹெர்ட்ஸ்: மின்வாய்ப் பலகையின் பயஸ், ரெஃபரன்ஸ் இணைப்புப் பழுதுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

ஓபன்பிசிஐ சைட்டன் போன்ற எட்டு சேனல் மூளை அலைப் பலகையையோ, ஏடி8232 சிப் பொருத்திய சிறிய இதயத்துடிப்புப் பலகையையோ வைத்து வேலை செய்யும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இறுதியாண்டு புராஜெக்ட் நேரத்தில் வேளச்சேரியிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் பலகையைப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் "சார், போர்டு போயிடுச்சு" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் பார்த்தவரையில் பலகை உண்மையிலேயே பழுதாகியிருந்தது மிகச் சிலமுறைதான். மற்ற நேரங்களில் எல்லாம் உடம்புக்கும் பலகைக்கும் இடையே ஓடும் வயர்களில் ஒன்று தன் வேலையைச் செய்யாமல் இருந்தது. எந்த வயர் என்பதைத் திரையில் தெரியும் அறிகுறியே சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

உடம்பில் ஒட்டும் மின்வாய்களிலிருந்து (எலக்ட்ரோடு) வரும் வயர்கள் மூன்று வகை. முதலாவது சிக்னல் வயர். ஒவ்வொரு சேனலுக்கும் ஒன்று. இரண்டாவது ரெஃபரன்ஸ், சைட்டனில் இது கீழ் வரிசையில் உள்ள எஸ்ஆர்பி ஊசியில் செருகப்படுகிறது, எல்லாச் சேனல்களும் இதனோடு ஒப்பிட்டே அளக்கப்படுகின்றன. மூன்றாவது பயஸ். இதயத்துடிப்புக் கருவிகளில் வலது காலில் ஒட்டப்படுவதால் வலதுகால் மின்வாய் என்று அழைக்கப்படுவதும் இதுதான். பயஸ் எதையும் அளப்பதில்லை. உடம்பு முழுவதும் ஏறியிருக்கும் பொதுவான மின்னழுத்தத்தைப் பலகை கணித்து, அதைத் தலைகீழாக்கி, இந்த வயர் வழியாக உடம்புக்கே திருப்பி அனுப்புகிறது. இந்தச் சுற்றின் வடிவமைப்பை வின்டர், வெப்ஸ்டர் இருவரும் 1983-இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். இன்றைய சிப்களும் அதே வழியைத்தான் பின்பற்றுகின்றன.

எந்தச் சோதனைக்கும் முன்பு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பயஸ் என்பது எர்த் அன்று. "கிரவுண்ட்" என்ற சொல் இரண்டிற்கும் பொதுவாகப் புழங்குவதால், பயஸ் வயரைச் சுவர் பிளக்கின் மூன்றாவது துளையோடு இணைத்துவிட்ட ஒரு மாணவரை நானே பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக, தலையில் மாட்டும் முன்பே அதைக் கழற்ற முடிந்தது. உடம்பை நேரடியாக எர்த்தோடு கட்டிவிட்டால், வேறெங்காவது ஒரு கை லைவ் வயரைத் தொடும்போது மின்சாரம் பாய்வதற்கான முழுப்பாதையையும் நாமே அமைத்துக் கொடுத்ததாகும். எந்த மின்வாயையும் சுவர் எர்த், தண்ணீர்க் குழாய், கம்ப்யூட்டர் கேபினெட் ஆகியவற்றோடு இணைக்காதீர்கள். பலகை பேட்டரியில் ஓடட்டும். யுஎஸ்பி வயர் மூலம் லேப்டாப்போடு நேரடியாக இணையும் பலகையாக இருந்தால், மின்வாய் உடம்பில் இருக்கும் நேரம் முழுவதும் சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றியே வையுங்கள்.

எல்லாச் சேனல்களிலும் பெரிய 50 ஹெர்ட்ஸ்

இதுவே அதிகம் காணப்படும் அறிகுறி. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். திரையில் எட்டு வரிகளும் தடித்த பட்டைகளாகத் தெரியும். அதிர்வெண் வரைபடத்தில் 50-இல் ஒரு கோபுரம் நிற்கும். உடனே, ஒரே ஒரு அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் நாட்ச் வடிகட்டியைப் போட்டு அந்தக் கோபுரத்தை வெட்டிவிட வேண்டும் என்றுதான் கை போகும். அதைச் செய்யாதீர்கள், முதலில் வடிகட்டியை அணைத்துவிட்டுப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸின் அளவுதான் உங்கள் இணைப்புகளின் நிலையைக் காட்டும் காய்ச்சல்மானி. வடிகட்டி அந்தக் காய்ச்சலை மறைக்குமே தவிர, தளர்ந்த மின்வாயை இறுக்காது. அமெரிக்கப் பயிற்சிப் பாடத்தைப் பின்பற்றி நாட்சை 60-இல் வைத்திருப்பவர்களும் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது எதையும் வெட்டாமல் சும்மா இருக்கும்.

இந்த 50 எவ்வாறு உள்ளே வருகிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்த்துவிடலாம். சுவரிலும் கூரையிலும் ஓடும் 230 வோல்ட் வயர்களுக்கும் உங்கள் உடம்புக்கும் இடையே உள்ள காற்று ஒரு மிகச்சிறிய கெப்பாசிட்டராக வேலை செய்கிறது. அதனால் உடம்பு முழுவதும், பேட்டரிப் பலகையோடு ஒப்பிடும்போது, ஒரு வோல்ட் அளவுக்கு ஏறியிறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா மின்வாய்களிலும் அது சமமாக வந்தால் கழிபட்டுப் போகும். ஆனால் சிக்னல் மின்வாயின் இம்பீடன்ஸுக்கும் (மாறுமின்சாரத்துக்கு அது காட்டும் தடைக்கும்) ரெஃபரன்ஸ் மின்வாயின் இம்பீடன்ஸுக்கும் 20 கிலோஓம் வேறுபாடு இருக்கிறது என்று கொள்ளுங்கள். சைட்டனில் உள்ள ஏடிஎஸ்1299 சிப்பின் உள்ளீட்டுக் கெப்பாசிட்டன்ஸ் ஏறக்குறைய 20 பிக்கோஃபாரட். 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 160 மெகாஓமுக்குச் சமம். 20 கிலோவை 160 மெகாவால் வகுத்தால், அந்த ஒரு வோல்ட்டிலிருந்து ஏறக்குறைய 125 மைக்ரோவோல்ட் கழிபடாமல் சிக்னலாக உள்ளே நுழைந்துவிடுகிறது. கண்ணை மூடும்போது பின்மண்டையில் எழும் ஆல்ஃபா அலையோ பெரும்பாலும் சில பத்து மைக்ரோவோல்ட்தான். பயஸ் சரியாக வேலை செய்து அந்த ஒரு வோல்ட்டை நூறில் ஒரு பங்காகக் குறைத்தால், நுழைவதும் ஒன்றேகால் மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கிவிடும்.

இந்தக் கணக்கிலேயே நோயைப் பிரித்தறியும் வழியும் இருக்கிறது. பயஸ் தளர்ந்திருந்தால், ஒவ்வொரு சேனலிலும் 50 ஹெர்ட்ஸ் வெவ்வேறு அளவில் இருக்கும். ஏனெனில் ஒவ்வொரு மின்வாய்க்கும் ரெஃபரன்ஸுக்கும் உள்ள இம்பீடன்ஸ் வேறுபாடு வெவ்வேறு. ரெஃபரன்ஸ் தளர்ந்திருந்தால், அதன் இம்பீடன்ஸ் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகிவிடுவதால், எட்டுச் சேனல்களிலும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் ஏறியிறங்கும் 50 தெரியும். கண்ணால் முடிவுசெய்ய இயலவில்லையென்றால், பதிவிலிருந்து முதல் சேனலை இரண்டாவது சேனலிலிருந்து கழித்துப் பாருங்கள். கழித்தபின் 50 மறைந்தால் பழுது ரெஃபரன்ஸில். மறையாமல் நின்றால் பயஸில். பைத்தானில் ஒரே ஒரு வரி எழுதிச் செய்யக்கூடிய இந்தச் சோதனை, வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். சேனல்கள் முழுதாக முட்டி நிற்கும் நிலையில் மட்டும் இது பயன்படாது. அதைப் பற்றி அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

பழுது பயஸில்தான் என்று தெரிந்தால், வயர் பயஸ் ஊசியில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்று பலகையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பாருங்கள். பக்கத்திலேயே ஏஜிஎன்டி (அனலாக் கிரவுண்ட்) என்ற ஊசி உண்டு. பெயரில் கிரவுண்ட் இருப்பதால் பலர் அதில் செருகிவிடுகிறார்கள். அதில் செருகினாலும் வரி ஓரளவு அமைதியாகும் என்பதால் தவறு எளிதில் வெளிப்படாது; ஆனால் இரைச்சலைத் தலைகீழாக்கித் திருப்பி அனுப்பும் வேலை அங்கே நடப்பதில்லை. பயஸ், ஏஜிஎன்டி இரண்டையும் ஒன்றாக உடம்பில் இணைப்பதும் கூடாது. அதன்பின் வயரின் தொடர்ச்சியை மல்டிமீட்டரால் சோதியுங்கள். மின்வாயை உடம்பிலிருந்து கழற்றி மேசையில் வைத்த பிறகுதான் சோதிக்க வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கும் மின்வாயை மல்டிமீட்டரின் ஓம் நிலையில் அளந்தால், மீட்டர் செலுத்தும் நேர்மின்சாரம் (டிசி) மின்வாயைத் துருவப்படுத்திவிடும். கிடைக்கும் எண்ணும் பொருளற்றது.

சேனல்கள் முட்டி நிற்கின்றன

வரி நேர்கோடாகிவிடும், சைட்டனின் மென்பொருளில் ‘ரெயில்ட்’ என்ற எச்சரிக்கை வரும். 4.5 வோல்ட் ரெஃபரன்ஸ், 24 மடங்கு பெருக்கம் என்ற வழக்கமான அமைப்பில், ஏடிஎஸ்1299 அளக்கக்கூடிய எல்லை கூட்டல் கழித்தல் 187.5 மில்லிவோல்ட். உள்ளே வரும் டிசி மின்னழுத்தம் இதைத் தாண்டினால், அதன்மேல் எவ்வளவு அழகான மூளை அலை ஏறியிருந்தாலும் தெரியாது.

எட்டும் ஒன்றாக முட்டினால், ரெஃபரன்ஸ் வயர் விடுபட்டிருக்கிறது என்று கொள்வதே முதல் ஊகம். ஒன்று மட்டும் முட்டினால் அந்த மின்வாய். ஆனால் எல்லாம் இறுக்கமாக இருந்தும் முட்டுகிறது என்றால், மின்வாய்களின் உலோகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு உலோகமும் தோலின் உப்புநீரோடு சேரும்போது தனக்கே உரிய ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. எல்லாம் ஒரே உலோகம் என்றால் அவை பெருமளவு கழிபட்டுவிடும். தலையில் தங்கமுலாம் பூசிய கிண்ணங்களையும், காதில் வெள்ளி-வெள்ளிக் குளோரைடு கிளிப்பையும் கலந்து போட்டால், இரண்டிற்கும் உள்ள வேறுபாடே எல்லையைத் தொட்டுவிடக்கூடும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு கடையில் கிண்ணமும் இன்னொரு கடையில் கிளிப்பும் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. குறைந்தபட்சம் சிக்னலும் ரெஃபரன்ஸும் ஒரே உலோகமாக இருக்க வேண்டும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் மாதக்கணக்கில் திறந்து வைத்த மின்வாய்களில் மேற்பூச்சு கருத்து அரித்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அடியிலுள்ள செம்பு ஒரு புள்ளியில் வெளிப்பட்டாலும் அது வேறு உலோகமாகிவிட்டது. அந்தக் கிண்ணத்தைத் தூக்கி எறிவதே நல்லது. பயன்படுத்திய பின் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மூடிய டப்பாவில் வைத்தால் நீண்ட நாள் வரும்.

ஒரு மின்வாய் தளர்ந்தால் எல்லாம் கெடுகிறது

ஐந்தாவது சேனலின் கிண்ணம் முடியில் நழுவுகிறது; அதே நொடியில் மற்ற ஏழும் சேர்ந்து துடிக்கின்றன. ரெஃபரன்ஸும் பயஸும் உறுதியாக இருக்கும்போதே இது நடப்பதால் பலர் குழம்பிப் போகிறார்கள். காரணம், உடம்பின் பொது மின்னழுத்தத்தைக் கணிக்க பயஸ் சுற்று எந்தெந்தச் சேனல்களைக் கேட்க வேண்டும் என்பதை ஏடிஎஸ்1299 நம் விருப்பத்திற்கு விடுகிறது. வழக்கமான அமைப்பில் எல்லாச் சேனல்களும் அந்தக் கணிப்பில் சேர்க்கப்பட்டிருக்கும். தளர்ந்த மின்வாயின் பெரிய இரைச்சலையும் பயஸ் உண்மையென்று நம்பி, தலைகீழாக்கி உடம்புக்கு அனுப்புகிறது. உடம்பு வழியாக அது எல்லாச் சேனல்களுக்கும் போய்ச் சேருகிறது.

எனவே பயன்படுத்தாத சேனல்களை மென்பொருளில் அணைத்துவிடுங்கள்; அணைக்கும்போது பயஸ் கணிப்பிலிருந்தும் அவை நீக்கப்பட்டனவா என்று அமைப்புப் பட்டியலில் பாருங்கள். நான்கு மின்வாய் மட்டும் ஒட்டிவிட்டு எட்டுச் சேனலையும் திறந்து வைத்துக்கொண்டு, காற்றில் தொங்கும் நான்கு ஊசிகளையும் பயஸ் கேட்டுக்கொண்டிருக்க விடுவதுதான் நான் காணும் மிகச் சாதாரணமான தவறு.

சேனல்கள் எல்லாம் ஒரே உருவம்

50 ஹெர்ட்ஸ் இல்லை. வரிகள் அமைதியாகவே இருக்கின்றன. ஆனால் எட்டும் ஒன்றின் நகல்போல அசைகின்றன. வினாடிக்கு ஒருமுறை கூர்மையான ஒரு துள்ளல் எல்லாவற்றிலும் வருகிறது என்றால், அது ரெஃபரன்ஸ் வைத்த இடத்திற்கு வந்து சேரும் இதயத்துடிப்பு. பல்லைக் கடிக்கும்போது எல்லாம் சேர்ந்து தடிக்கிறது என்றால், ரெஃபரன்ஸ் தாடைத் தசையின் மேல் அமர்ந்திருக்கிறது. காது மடலின் நுனிக்கு மாற்றுங்கள். அடுத்தடுத்த இரண்டு மின்வாய்கள் மட்டும் ஒன்றுபோல் இருந்தால், இடையில் ஜெல் வழிந்து பாலம் போட்டிருக்கிறது. அதே பாலம் ரெஃபரன்ஸுக்கும் ஒரு சேனலுக்கும் இடையே அமைந்தால் அந்தச் சேனல் மிகச் சுத்தமாக, ஏறக்குறைய வெறும் கோடாகத் தெரியும். அந்தச் சுத்தத்தை நம்ப வேண்டாம்.

சார்ஜர் செருகினால் கெடுகிறது. கையை வைத்தால் சரியாகிறது

லேப்டாப்பின் உலோக விளிம்பில் முன்கையை லேசாக உரசும்போது, எறும்பு ஊர்வதுபோல ஒரு மெல்லிய அதிர்வை உணர்ந்திருக்கிறீர்களா? சார்ஜருக்குள் உள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் கசியவிடும் மிகச்சிறிய மின்சாரம் போய்ச்சேர எர்த் இல்லாதபோது, லேப்டாப்பின் உடல் மின்னழுத்தம் ஏறி நிற்பதன் அடையாளம் அது. பழைய வாடகை வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. அதை எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிபார்த்துக்கொள்வது மூளை அலைக்காக மட்டுமன்று, வீட்டில் இருப்பவர்களின் உயிருக்காகவும்.

சைட்டன் ரேடியோ மூலம் பேசுவதால் லேப்டாப்போடு அதற்கு வயர் தொடர்பு கிடையாது. அங்கே லேப்டாப்பையும் சார்ஜரையும் இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலே வேறுபாடு தெரியும். ஆர்டுவினோவோடு யுஎஸ்பியில் இணைந்த ஏடி8232 பலகையில் நிலைமை வேறு. அந்த அதிரும் லேப்டாப்பின் மின்னழுத்தம் அப்படியே பலகையின் கிரவுண்டாகி, வலதுகால் மின்வாய் வழியே உங்கள் உடம்போடும் சேர்ந்துவிடுகிறது. கையை லேப்டாப்பில் வைத்தால் வரி சுத்தமாகிறது என்று சிலர் அதையே தீர்வாகக் கொள்கிறார்கள். வரி சுத்தமாவது உண்மை. ஆனால் உடம்பை அந்த மின்னழுத்தத்தோடு கட்டியதால் கிடைத்த சுத்தம் அது. கையை எடுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள், பிறகு வலதுகால் மின்வாயை மீண்டும் ஒட்டுங்கள்.

ஏடி8232 பலகையைப் பற்றி இன்னும் இரண்டு சொற்கள். அதற்கு 3.3 வோல்ட் கொடுங்கள், 5 வேண்டாம். மூன்று வயர் கேபிளின் நிறங்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகின்றன. நிறத்தை நம்பாமல், எந்த நிறம் வலது கை, எது இடது கை, எது வலது கால் என்று மல்டிமீட்டரால் பிளக்கிலிருந்து தொடர்ச்சி பார்த்து, ஒரு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். வலது கால் வயர் மார்பில் சிக்னல் இடத்தில் அமர்ந்திருந்தால் எந்த வடிகட்டியும் காப்பாற்றாது.

வரி மெதுவாக மிதக்கிறது

கத்திரி வெயில் நாட்களில் இது தவிர்க்க முடியாதது. வியர்வை தோலின் மின்னழுத்தத்தை மெதுவாக மாற்றுவதால், வரி பல வினாடிகளுக்கு ஒருமுறை மேலும் கீழுமாகத் தவழும். ஏசி அறைதான் சரியான மருந்து. ஏசி இல்லாமல் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தால் வேறொரு தொல்லை: வேளச்சேரியில் மூன்றாம் மாடி அறை ஒன்றில், ரெகுலேட்டர் ஐந்தில் இருக்கும்போது அமைதியாக இருந்த வரிகள் இரண்டில் வைத்ததும் கிழிந்தன. வேகத்தைக் குறைக்க மின்னலையை நடுவில் வெட்டும் வகை ரெகுலேட்டர் அது. வெட்டிய அலையில் 150, 250 ஹெர்ட்ஸ் எனப் பல மடங்குகள் பிறக்கின்றன. சைட்டன் வினாடிக்கு 250 முறை அளப்பதால் அதன் பாதியான 125 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்டும்; வடிகட்டி விழுங்காமல் மிச்சம் விட்ட 150 மடிந்து 100-இல் தோன்றும். அதனால் 100-இல் ஒரு கோபுரம் கண்டால் மின்விசிறியையும் வீட்டு இன்வெர்ட்டரையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். விசிறிக் காற்றில் மின்வாய் வயர்கள் ஆடுவதும் இரைச்சலே. ஒரு ரப்பர் பேண்டால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிச் சட்டைக் காலரில் குத்திவிடுங்கள்.

இம்பீடன்ஸ் இறங்கவே மறுக்கிறது

தேங்காய் எண்ணெய். காலையில் எண்ணெய் தடவித் தலை வாரி வந்தவருக்கு எவ்வளவு ஜெல் வைத்தாலும் மின்வாய் ஒட்டாது. முந்தைய இரவே தலைக்குக் குளித்துக் காயவைத்து வரச் சொல்லுங்கள். நெற்றியில் விபூதியோ குங்குமமோ இருந்தால், மரியாதையோடு அனுமதி கேட்டு, மின்வாய் அமரும் இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துத் தோலை மென்மையாகத் தேயுங்கள். காது மடலையும் மறக்க வேண்டாம், ஏனெனில் ரெஃபரன்ஸும் பயஸும் அங்கேதான் அமர்கின்றன. சைட்டனின் இம்பீடன்ஸ் சோதனை 6 நானோஆம்பியர் என்ற மிகச்சிறிய மாறுமின்சாரத்தை ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸில் செலுத்தி அளக்கிறது. சோதனை முடிந்ததும் அதை அணைக்க மறந்தால், அந்த 31 உங்கள் பதிவில் அலையாகவே நிற்கும். அதை பீட்டா என்னும் மூளை அலை என்று எழுதிக்கொண்டு வந்த ஒரு அறிக்கையை நான் வாசித்திருக்கிறேன்.

எதுவும் புரியாதபோது

மின்வாய்களை உடம்பிலிருந்து கழற்றி, சிக்னல், ரெஃபரன்ஸ், பயஸ் வயர்களின் நுனிகளை எல்லாம் ஒரே கிண்ணத்தில் சிறிது உப்புக் கலந்த தண்ணீரில் வையுங்கள். உலோகம் ஒன்றாகவே இருக்க வேண்டும். வரிகள் அமைதியாகிவிட்டால் பலகை, வயர், மென்பொருள் மூன்றும் நலம். பழுது தோலில் இருக்கிறது. கிண்ணத்திலும் ஒரு சேனல் துடித்தால், அதன் வயரைப் பக்கத்துச் சேனலின் வயரோடு பலகையில் இடம் மாற்றுங்கள். துடிப்பு வயரோடு நகர்ந்தால் வயரை மாற்றுங்கள். ஊசியிலேயே தங்கினால் மட்டும் பலகையைச் சந்தேகியுங்கள். சந்தேகத்தைத் தீர்க்க, ஏடிஎஸ்1299 தனக்குள்ளேயே உண்டாக்கும் சதுர அலையை மென்பொருளில் இயக்குங்கள். எல்லாச் சேனல்களிலும் அது ஒரே அளவில் வந்தால் சிப் பழுதாகவில்லை.

கிண்ணத்திலிருந்து தலைக்குத் திரும்பியதும், பின்மண்டையில் இரண்டு மின்வாய்களை ஒட்டி, பத்து வினாடி கண்ணைத் திறந்தும் பத்து வினாடி மூடியும் பதிவு செய்யுங்கள். மூடியபோது 8-க்கும் 12-க்கும் இடையே ஒரு மேடு எழுந்து, திறந்தபோது அடங்க வேண்டும். ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட முதல் மனித மூளை அலைப் பதிவுகளில் கண்ட அதே அலை அது. சிலருக்கு இயல்பாகவே ஆல்ஃபா சிறிதாக இருக்கும் என்பதால் இன்னொருவர் தலையிலும் பார்த்துவிட்டு, அதன்பின் நாட்ச் வடிகட்டியை 50-இல் போட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.